கடாரம் யாருக்கு

செம்பனை மில் வாசலில்
எனக்கு முன்னால் பதினோரு லோரி.
எடைமேடைக்காரன் ரொட்டி சானாய் தின்னப் போய்விட்டான்.
ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் படிக்கிறேன்
எழுநூறு பக்கச் சரித்திர நாவல், மூன்றாம் பாகம்.
இரண்டாம் பாகத்தை இன்னும் தரவில்லை
கிளினிக் தாதி ரேணுகாம்பாள்.
பரவாயில்லை.
யார் செத்தார் என்பதை
யார் அழுகிறார் என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இதில் வரும் ஒற்றர்கள்
சுவர் இருந்தால் காது வைக்கிறார்கள்
மரம் இருந்தால் ஏறிவிடுகிறார்கள்
ஒருவனுக்கும் வயிறு பசிப்பதே இல்லை.
இளவரசி ஒரு பெருமூச்சை விட்டு முடிப்பதற்குள்
மூன்று லோரி நகர்ந்துவிட்டது.
பின்னால் ஹாரன்.
நாகப்பட்டினத்தில் நங்கூரம் ஏறுகிறது,
நான் ஹேண்ட்பிரேக்கை இறக்குகிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி
பீடோங் பழைய கடைவரிசையில்
ஷட்டர் பாதி இறங்கிய டயர்கடை.
கடைக்காரன் பெயர் குலோத்துங்கன்.
எங்களுக்குக் குலோ.
இரண்டு லோரி டயர்மேல் ஒரு பலகை,
பலகைமேல் வங்காள விரிகுடா.
நூற்றெண்பது வெள்ளி, நால்வர் பங்கு.
விதிப்புத்தகம் ஆங்கிலத்தில்.
அஸ்ரி அதை மலாயில் சொல்வான்,
ரேணுகா தமிழில் சொல்வாள்,
சொல்கிறவருக்குச் சாதகமாக
விதி கொஞ்சம் வளைந்துதான் வந்து சேரும்.

மூவர் சோழப்படை, ஒருவர் கடாரம்.
யாரும் கடாரம் கேட்பதில்லை.
புலிக்கொடி ஒட்டிய தலைக்கப்பலுக்கு அடிதடி.
"என் பேரப் பாருடா, இதுக்கு மேல என்ன அத்தாட்சி?"
"போன வாரமும் இதையேதான் சொன்ன."
அஸ்ரி தன் நெஞ்சில் தட்டி
"சோழா, சோழா" என்கிறான்.
சீட்டுக் குலுக்கினோம்.
எனக்கு ஆறு யானை, ஒரு துறைமுகம்,
ஒரு தோரண வாயில்.
ஐயோ பாவம் என்று
மிக்சர் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்கள்.

மூன்றாம் சுற்றில் தீவுகள் போயின.
நான்காம் சுற்றில் என் யானை இரண்டு
தே தாரேக் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்தன.
வெற்றி முழக்கம்.
மருந்துக்கடை நாய் எழுந்து குரைத்தது.

அப்போதுதான் கவனித்தேன்.
கடாரத்துக்குப் புள்ளி வைத்தவன்
பக்கத்திலேயே ஒரு மலையும் வரைந்திருக்கிறான்.
நீலமாய், தனியாய், தலையில் மேகத்தோடு.
தினம் காலையில் என் லோரிக் கண்ணாடியில்
ஏறி வருகிற அதே ஜெராய்.

"குலோ, ஒன் கப்பல் எங்க நிக்குது தெரியுமா?"
"எங்க?"
"மெர்போக் ஆத்துல. ஒன் மாமியா வீட்டுக்குப் பின்னால.
அடுத்த சுத்துல நீ கொளுத்தப் போறது
இன்னும் பதினெட்டு வருசம் நீ லோன் கட்டவேண்டிய தாமான."

பகடை அவன் உள்ளங்கையில் நின்றது.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
ரேணுகா பலகைமேல் குனிந்து
தன் கிளினிக்கை விரலால் தேடினாள்.

"மாமியா வீடா?" என்றான் குலோ.
"அப்பன்னா கட்டாயம் அடிக்கிறேன்."
பகடையை ஊதிப் போட்டான். ஒன்று.

அஸ்ரி ஒன்றும் பேசாமல்
தன் இரண்டு கப்பலைத் திருப்பி
என் துறையில் கொண்டுவந்து கட்டினான்.
அங்கே அவன் அக்காவின் நாசி லெமாக் கடை இருக்கிறதாம்.
கட்சி மாற விதியில் இடமுண்டா என்று
மூன்று மொழியிலும் தேடினோம்.
மணி ஒன்றரை.
ரேணுகாவுக்கு விடிந்தால் வேலை.
கடாரம் விழவுமில்லை, பிழைக்கவுமில்லை,
மேலே ஒரு பழைய கான்வாஸைப் போட்டு மூடிவிட்டு வந்தோம்.

காலையில் வரிசையில் நான் ஏழாவது.
சட்டைப்பையில் ஒரு யானை.
எப்படி வந்ததென்று தெரியவில்லை,
அல்லது தெரியும்.
டேஷ்போர்டில் மலையைப் பார்க்க நிறுத்தினேன்.

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
கப்பல்கள் கரைக்கு வந்துவிட்டன.
வீரர்கள் குதிக்கிறார்கள்,
ஒருவன் காலிலும் அழுக்கு ஒட்டவில்லை.
எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போலும்.
எடைச்சீட்டுப் பேனாவை எடுத்து
ஓரத்தில் எழுதினேன்:
இவ்விடம் சேறு, முழங்கால் வரை.
அடுத்துப் படிக்கப்போவது ரேணுகா.

பின்னால் ஹாரன்.